ராதிகாவை டிவி நடிகைன்னு சொல்றது தான் சரியான மரியாதை

"மார்க்கெட் போச்சு, அதான் சீரியலுக்கு வந்துட்டாங்க." இந்த ஒரு வாக்கியத்தை நம்ம ஊர்ல எத்தனை நடிகைங்களை பாத்து சொல்லியிருக்கோம்னு யோசிச்சு பாருங்க. ராதிகாவையும் விடல. இன்னிக்கும் அவங்கள பத்தி எங்கயாவது எழுதுனா "80களின் முன்னணி நாயகி, பின்னாளில் சின்னத்திரையிலும் கலக்கியவர்"னு தான் எழுதுறாங்க, அந்த "சின்னத்திரையிலும்"ல இருக்குற "உம்" எனக்கு சுத்தமா பிடிக்கல. என்னைப் பொறுத்தவரைக்கும் அவங்க செஞ்ச பெரிய வேலை டிவில தான், சினிமா அதுக்கு முன்னாடி நடந்த நீளமான பயிற்சி. இதை ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன், இன்னிக்கு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

சினிமா கதையை சீக்கிரம் முடிச்சிடறேன், அது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். எம்.ஆர்.ராதாவோட பொண்ணு, அம்மா கீதா இலங்கைக்காரங்க. 1978ல பாரதிராஜாவோட கிழக்கே போகும் ரயில்ல பாஞ்சாலியா அறிமுகம். அப்புறம் தெலுங்குல சிரஞ்சீவி கூட நியாயம் காவாலி, கமல் கூட சுவாதி முத்யம், ஹிந்தில நசீப் அப்னா அப்னா, இங்க திரும்பி வந்து 1993ல கிழக்குச் சீமையிலேல விருமாயி. இதுல யாரும் அதிகமா பேசாத ஒரு விஷயம் இருக்கு. 1985லயே மீண்டும் ஒரு காதல் கதைன்னு ஒரு படத்தை இவங்க தயாரிச்சிருக்காங்க, பிரதாப் போத்தன் டைரக்ட் பண்ண முதல் படம், அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வாங்குன படம். அப்போ ராதிகாவுக்கு இருபத்து சொச்சம் வயசு தான். ஹீரோயினா பிஸியா இருக்கும்போதே சொந்த காசை போட்டு படம் எடுக்குற பொண்ணு, பின்னாடி ஒரு கம்பெனியே நடத்துனாங்கன்னா அதுல என்ன ஆச்சரியம்.

இன்னொன்னு அவங்க குரல். முதல் மரியாதைல ராதா பேசுற குரல் ராதிகாவோடது, பல பேருக்கு இது இன்னும் தெரியாது. சிவாஜி முன்னாடி நின்னு பேசுற அந்த குயில்ங்கிற கேரக்டரோட கிண்டல், பாசம், அழுகை எல்லாம் இவங்க தொண்டைல இருந்து வந்தது, முகம் மட்டும் ராதா. அந்த கரகரப்பு கலந்த குரல் சினிமால ஒரு அடையாளமா இருந்துச்சு, அவ்ளோ தான். டிவில அது தான் முதலீடே. ஏன் அப்படி சொல்றேன்னா அதுக்கு எங்க ஊரு கதை சொல்லணும்.

எனக்கு சாத்தூர் பக்கம். ராதிகாவோட சித்தி சீரியல் ஓடுன காலத்துல எங்க தெருவுல பாதி வீட்ல சாயங்காலத்துக்கு மேல தீப்பெட்டி ஒட்டுற வேலை நடக்கும். பகல்ல தீப்பெட்டி ஆபீஸ் போய்ட்டு வர்றவங்க கூட ராத்திரி வீட்ல உக்காந்து ஒட்டுவாங்க, குரோஸ் கணக்குல காசு. அம்மாச்சி, அம்மா, பெரியம்மா மூணு பேரும் வட்டமா உக்காந்து நடுவுல பசை கிண்ணத்தை வச்சிருப்பாங்க, அட்டைய மடிச்சு ஓரத்துல பசையை ஒரு விரலால இழுத்து ஒட்டி அப்படியே பின்னாடி குவியல்ல போட்டுட்டே இருப்பாங்க, கண்ணு முழுக்க கையில தான் இருக்கும். ஒம்போதரைக்கு டைட்டில் பாட்டு வந்ததும் சவுண்டை கூட்டுன்னு அம்மாச்சி என்னைய பாத்து சொல்லும். அவ்ளோ தான், அதுக்கப்புறம் அவங்க அந்த சீரியலை காதுல தான் பாத்தாங்க. முக்கியமான இடம் வந்தா மட்டும் தலையை நிமித்துவாங்க, எது முக்கியமான இடம்னு ராதிகா குரலே சொல்லிடும். சாதாரணமா பேசிட்டு இருக்குற குரல் திடீர்னு இறங்கி மெதுவாச்சுன்னா மூணு பேரும் ஒரே நேரத்துல டிவிய பாப்பாங்க, பசை தொட்ட விரல் அப்படியே நிக்கும். கத்துனா கூட நிமிர மாட்டாங்க, குரலை இறக்குனா தான் நிமிருவாங்க. எனக்கு அப்போ இதெல்லாம் புரியல, இப்போ யோசிச்சா தான் அந்தம்மா என்ன வேலை பண்ணியிருக்காங்கன்னு தெரியுது.

அடுப்படில இருந்துட்டு, துணி மடிச்சிட்டு, காய் நறுக்கிட்டு, பிள்ளைய தூங்க வச்சிட்டு பாக்குற ஆளுங்களுக்கான நடிப்பு சீரியல் நடிப்பு. தியேட்டர்ல இருட்டுல முகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கவன் வேற. சினிமால இருந்து வந்த பல பேர் இங்க தடுமாறுனதுக்கு காரணம் இது தான்னு நெனக்கிறேன், அவங்க முகத்தை கொண்டு வந்தாங்க, ராதிகா குரலை கொண்டு வந்தாங்க.

சித்தி ஆரம்பிச்சது 1999 டிசம்பர், முடிஞ்சது 2001 நவம்பர். சன் டிவி, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், சி.ஜே.பாஸ்கர் டைரக்‌ஷன். தினா மியூசிக்ல வைரமுத்து எழுதி நித்யஸ்ரீ மகாதேவன் பாடுன டைட்டில் பாட்டு, ஒரு கர்நாடக சங்கீத பாடகி குரல் தினமும் ராத்திரி எங்க தெருவுல கேட்டுச்சுன்னா அது அந்த சீரியலால தான். ராதிகா சாரதா, சிவகுமார் புருஷன், யுவராணி வில்லி. இன்னொருத்தி பெத்த பொண்ணை தன் பொண்ணா வளக்குற பொம்பளையோட கதை. சித்தின்னாலே சோறு போடாம வேலை வாங்குறவன்னு சினிமா பாத்து பழகுன ஊர்ல அந்த கேரக்டரை நாயகி ஆக்குனதே ஒரு தைரியம். தெலுங்குல பின்னின்னு டப் ஆகி ஜெமினி டிவில அங்கயும் பெரிய ஹிட். வடக்க ஏக்தா கபூரோட கியுங்கி சாஸ் பி கபி பஹு தீ ஆரம்பிச்சது 2000 ஜூலைல, அதாவது சித்திக்கு அரை வருஷம் கழிச்சு. இந்தியால பெண்களுக்கான மெகா சீரியல் அலைன்னு பேசும்போது எல்லாரும் மும்பைல இருந்து தான் கதையை ஆரம்பிக்கிறாங்க, இது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம். அதுக்கு முன்னாடியும் தமிழ்ல நல்ல நல்ல தொடர் இருந்துச்சு, பாலச்சந்தர் சார் தூர்தர்ஷன் காலத்துல இருந்தே பண்ணிட்டு இருந்தாரு, மர்மதேசம் மாதிரி ஒன்ன இன்னிக்கு வரைக்கும் யாராலும் எடுக்க முடியல. ஆனா ராத்திரி ஒம்போதரைய ஒரு பொம்பளையோட நேரமா மாத்துனது சித்தி.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயத்துக்கு வரேன். நடிப்பை விட இதை தான் நான் பெருசா நெனக்கிறேன்.

அந்த காலத்துல சன் டிவில சீரியல் எப்படி ஓடுச்சுன்னா, தயாரிப்பாளர் சேனலுக்கு டெலிகாஸ்ட் ஃபீஸ்னு ஒரு தொகை கட்டணும், எடுக்குற செலவும் அவரோடது, அதுக்கு பதிலா அந்த அரை மணி நேரத்துல வர்ற விளம்பர நேரத்துல தயாரிப்பாளருக்குனு சில நிமிஷங்கள் இருக்கும், அதை அவரே கம்பெனிங்க கிட்ட வித்துக்கலாம். சீரியல் ஓடுனா காசு உங்களுக்கு, ஓடலன்னா நஷ்டமும் உங்களுக்கு. அதாவது இது மாச சம்பள வேலை இல்ல, கடை போட்டு நடத்துற மாதிரி. ராதிகா அந்த கடையை தன் பேர்லயே போட்டாங்க. ராடான்னு 1994லயே ஆரம்பிச்சு, 1999ல கம்பெனியா பதிவு பண்ணி, அப்புறம் பங்குச் சந்தைல பட்டியல் ஆகுற அளவுக்கு கொண்டு போனாங்க. ஒரு நடிகை நடத்துற சீரியல் கம்பெனியோட பங்கை ஜனங்க வாங்கலாம் விக்கலாம்ங்கிற நிலைமை அப்போ எவ்ளோ புதுசுன்னு யோசிங்க. சோப்பு விளம்பரமும் பாத்திரம் தேய்க்கிற பவுடர் விளம்பரமும் யாரை நம்பி வந்துச்சு? எங்க அம்மாச்சி நிமிர்ந்து பாப்பாங்கங்கிற நம்பிக்கைல வந்துச்சு. அந்த நம்பிக்கைய சம்பாதிச்ச ஆளே அந்த காசையும் எண்ணுனாங்க, நடுவுல ஒரு முதலாளி உக்காந்து எடுத்துட்டு போகல.

முப்பத்தஞ்சு தாண்டுன நடிகைக்கு சினிமால என்ன குடுப்பாங்க? ஹீரோவுக்கு அக்கா, அண்ணி, இன்னும் நாலு வருஷம் போனா அம்மா. அவங்களும் அந்த மாதிரி ரோல் பண்ணாங்க, நல்லாவே பண்ணாங்க. ஆனா அதே நேரத்துல இந்த பக்கம் அவங்களை சுத்தி தான் கதையே. 2001ல சரத்குமாரோட கல்யாணம், 2004ல பையன் பொறந்தான், இது எல்லாம் சீரியல் ஓடிட்டு இருக்கும்போதே. சினிமால கல்யாணம் ஆச்சுன்னா ஹீரோயின் கதை முடிஞ்சுதுன்னு ஒரு எழுதாத சட்டம் இருந்துச்சுல்ல, இங்க அந்த சட்டம் போடுறதுக்கு ஆளே இல்ல, ஏன்னா முதலாளியே அவங்க தான்.

அண்ணாமலை 2002ல இருந்து 2005 வரைக்கும், அப்புறம் செல்வி, அப்புறம் 2007ல அரசி, 2009ல செல்லமே, 2013ல வாணி ராணி. ஒன்னு முடிஞ்சு அடுத்தது, அதே நேரம், அதே முகம், கிட்டத்தட்ட இருபது வருஷம். எங்க வீட்ல டிவி மூணு தடவை மாறிடுச்சு, அம்மாச்சி போய்ட்டாங்க, எனக்கு கல்யாணம் ஆகி நான் கோயம்புத்தூர் வந்துட்டேன், போன்ல அம்மா கிட்ட பேசுனா "இரு, ராதிகா போட்டுருக்கான், அப்புறம் பேசுறேன்"னு வச்சிடும். சீரியல் பேரை சொல்லாது, ராதிகா போட்டுருக்கான் தான்.

எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வரல. செல்வி, அரசி காலத்துல எல்லாம் கடத்தல், ரவுடி, கொலை, போலீஸ்னு போய் ஒரு மசாலா பட ஹீரோ பண்ற அத்தனையும் அவங்களே பண்ணாங்க, எனக்கு அது ஒட்டல, ஆனா எங்க பெரியம்மாவுக்கு அது தான் உயிர். ஒரு பொம்பளை வந்து நின்னா எதிர்ல பத்து பேரு பின்னாடி போறதை அதுக்கு முன்னாடி அவங்க எங்க பாத்தாங்க, நியாயம் தான். நெஜமாவே வருத்தப்படுறது ரெண்டு விஷயத்துக்கு. ஒன்னு, நாயகி பொம்பளைங்கிறதால வில்லியும் பொம்பளையா தான் இருக்கணும்னு ஒரு வழக்கம் அப்போ பதிஞ்சு இன்னிக்கு வரைக்கும் போகல, ஆம்பளைங்க எல்லாம் நடுவுல பாவமா நிக்க, பொம்பளைங்களே ஒருத்திய ஒருத்தி அழிக்குறாங்க. இன்னொன்னு நீளம். வாணி ராணி 1,700 எபிசோடுக்கு மேல போச்சு, 2013 ஜனவரில இருந்து 2018 டிசம்பர் வரைக்கும். கடைசில கதைல ஒன்னுமே இல்ல, இழுத்துட்டு போனாங்க. விளம்பர காசு வர்ற வரைக்கும் கதையை நிறுத்த மனசு வராதுங்கிறது புரியுது, ஆனா பாக்குறவங்களுக்கு அது செஞ்ச அநியாயம்.

அப்படி இருந்தும் நடிப்புன்னு கேட்டா நான் வாணி ராணியை தான் காட்டுவேன், அதுவும் முதல் ரெண்டு வருஷம். இரட்டை பிறவி, வாணி வக்கீல், ராணி குடும்பத்தலைவி, அண்ணன் தம்பிய கட்டுன அக்கா தங்கச்சி. வேணு அரவிந்தும் பப்லு பிருத்விராஜும் புருஷனுங்க. டபுள் ரோல்னா சினிமால மேக்கப் மாத்துவாங்க, விக் மாத்துவாங்க, ஒருத்திக்கு மச்சம் வைப்பாங்க. இங்க தினமும் ஒரு எபிசோட் போகணும், அதுக்கெல்லாம் ஏது நேரம். ரெண்டு பேரும் எதிர் எதிரா நின்னு பேசுற சீன்ல ஒருத்தி முதுகு காட்டுவா, அது டூப்பு, அப்புறம் புடவைய மாத்திட்டு வந்து எதிர்ப்பக்கத்து வசனத்தை பேசணும். இதை மனசுல வச்சிட்டு ஒரு தடவை கண்ணை மூடிட்டு கேட்டு பாருங்க. வாணி வார்த்தைய முழுசா முடிப்பா, கடைசி எழுத்து வரைக்கும் கேக்கும், கோவம் வந்தா இன்னும் நிதானமா பேசுவா. ராணி வாக்கியத்தை பாதில விட்டுட்டு அடுத்ததுக்கு போவா, கோவம் வந்தா குரல் மேல போய் அங்கயே உடைஞ்சு அழுகையா மாறும். சிரிப்பு கூட வேற, வாணி மூக்குல சிரிப்பா, ராணி வாய் விட்டு சிரிப்பா. தனக்கு பதில் சொல்ற குரல் எப்படி வரும்னு முன்னாடியே காதுல வச்சிட்டு, எதிர்ல யாரோ ஒரு டூப்பு முதுகை பாத்து பேசி, இதை ஆறு வருஷம் பண்றது சாதாரண விஷயம் இல்லைங்க. இதுக்கு சினிமால பாதி பண்ணியிருந்தா கூட எத்தனை விருது குடுத்திருப்பாங்க.

இவங்க போட்ட பாதைல வந்தவங்கள பாருங்க. தேவயானி 2003ல கோலங்கள் ஆரம்பிச்சு 2009 வரைக்கும் அபியா வாழ்ந்தாங்க. சுகன்யா ஆனந்தம் பண்ணாங்க. குஷ்பு ஜெயா டிவில கல்கி பண்ணாங்க. ரம்யா கிருஷ்ணன் தங்கம், அப்புறம் வம்சம், வம்சம் ஓடிட்டு இருக்கும்போதே தான் பாகுபலில சிவகாமியா வந்து நாட்டையே திரும்பி பாக்க வச்சாங்க, அப்பவும் சீரியல விடல. இவங்க யாரையும் மார்க்கெட் போனவங்கன்னு சொல்ல முடியுமா? சினிமால ஹீரோயினா இருந்த வயசுக்கு மேல டிவில நாயகியா இருந்திருக்காங்க. ராதிகா மட்டும் தான் காரணம்னு சொல்லல, ஆனா சித்தி தோத்திருந்தா இத்தனை பேரை நம்பி யாரு பணம் போட்டிருப்பாங்க.

வாணி ராணிக்கு அப்புறம் கொஞ்சம் சறுக்கல் தான். சந்திரகுமாரின்னு ராஜா காலத்து கதை கலந்து ஒன்னு எடுத்தாங்க, அது ஒரு வருஷம் கூட ஓடல. ஆனா 2019 கடைசில கலர்ஸ் தமிழ்ல கோடீஸ்வரி வந்துச்சு, குரோர்பதி மாதிரி தான், ஆனா போட்டியாளர் எல்லாருமே பெண்கள். இதுல மதுரைல கோர்ட்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு, காது கேக்காது, பேச முடியாது, 2020 ஜனவரில ஒரு கோடி ஜெயிச்சாங்க. வாழ்நாள் முழுக்க குரலை வச்சே ஜெயிச்ச ஒரு நடிகை அந்த பொண்ணுக்கு எதிர்ல உக்காந்திருந்தாங்க, அவசரப்படுத்தல, பாவம்னு கொஞ்சவும் இல்ல, மத்தவங்கள எப்படி நடத்துனாங்களோ அப்படியே சமமா நடத்துனாங்க. அந்த எபிசோடை பாத்துட்டு நான் ரொம்ப நேரம் அழுதுட்டேன், எங்கம்மாவும் போன் பண்ணி அழுதாங்க.

அதே மாசம் சன் டிவில சித்தி 2 ஆரம்பிச்சுது. ரெண்டு மாசத்துல லாக்டவுன், ஷூட்டிங் நின்னு போச்சு, மறுபடி ஆரம்பிச்சு 2021 பிப்ரவரில அவங்க அதுல இருந்து விலகுறதா சொல்லிட்டாங்க. சீரியல் அவங்க இல்லாமலே அடுத்த வருஷம் வரைக்கும் ஓடுச்சு, இளசுங்க காதல் கதையா. எங்கம்மா அவங்க போன அன்னிக்கே நிறுத்திட்டாங்க.

2024 எலக்‌ஷன்ல எங்க விருதுநகர் தொகுதிலயே பாஜக சார்புல நின்னாங்க, மூணாவது இடம் தான் வந்துச்சு. அரசியல் பத்தி இங்க பேச விருப்பம் இல்ல, ஆனா ஒன்னு சொல்லணும். எங்க பக்கத்து ஜனங்க இருபது வருஷமா ராத்திரி சாப்பாட்டை அவங்க கூட சாப்பிட்டவங்க, ஆனா ஓட்டு வேற, சீரியல் வேறன்னு தெளிவா இருந்தாங்க. சீரியல் பாக்குற பொம்பளைங்களுக்கு எதையும் பிரிச்சு பாக்க தெரியாதுன்னு கேலி பேசுறவங்க இதை கவனிக்கலையேன்னு தான் இருக்கு.

இப்போ சீரியல் உலகம் வேற மாதிரி ஆயிடுச்சு. சேனலே காசு குடுத்து எடுக்க சொல்லுது, கதை பெங்காலில இருந்தோ ஹிந்தில இருந்தோ வருது, நாயகிக்கு இருபத்து சொச்சம் வயசு, வாரத்துக்கு ஆறு நாள் எபிசோட். நடுவுல 2020ல விஜய் டிவில பாக்கியலட்சுமி வந்துச்சு, வளந்த பசங்க இருக்குற ஒரு குடும்பத்தலைவி தான் நாயகி, சுசித்ரா அருமையா பண்ணாங்க, எங்கம்மா அதுல விழுந்தாங்க. சந்தோஷம் தான், ஆனா அதுவும் பெங்காலி கதை, அதுல நடிச்சவங்களுக்கு அது சம்பள வேலை. நாற்பது வயசு நடிகை தன் கதையை தானே தேர்ந்தெடுத்து, தானே பணம் போட்டு, தானே நடுவுல நின்னு, லாபத்தையும் தானே எடுத்துக்கிற அந்த ஏற்பாடு இப்போ எங்க இருக்குன்னு தேடி பாத்தா கண்ணுக்கு தெரியல. ராடான் அதுக்கப்புறமும் சீரியல் எடுத்தாங்க, 2023ல விஜய்ல கிழக்கு வாசல் அவங்களோடது தான், எஸ்.ஏ.சந்திரசேகர் நடிச்சாரு. ஆனா அதுல நடுவுல ராதிகா இல்ல.

பாக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு, ராடான் யூடியூப் சேனல்ல வாணி ராணி கிடைக்குது. எல்லாத்தையும் பாக்க சொல்ல மாட்டேன், அது ஆகுற காரியம் இல்ல. முதல்ல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு பேரும் ஒரே சீன்ல வர்ற எபிசோடா தேடி பாருங்க, முடிஞ்சா ஹெட்போன் போட்டு.